முட்டி தேஞ்சு போச்சு, 74 மாடல் புல்லட்டை வெச்சுக்கவா குடுத்துடவா?

உறையூர்_புல்லட்
வணக்கம் மக்களே. எங்க அப்பா வாங்கின 1974 மாடல் புல்லட் 350 இன்னும் எங்கிட்டதான் ஓடிட்டிருக்கு, ரைட் சைடு கியர், லெஃப்ட் சைடு பிரேக், திருவொற்றியூர்ல செஞ்ச காஸ்ட் அயர்ன் இன்ஜின். வண்டிக்கு ஒண்ணும் இல்ல, பிரச்னை எனக்குத்தான். அறுபது நெருங்குது, வலது முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் எக்ஸ்ரேவ லைட்ல மாட்டி காமிச்சுட்டாரு, கிக்கரை மிதிக்கறதை விட்ருங்கன்னுட்டாரு. பையன் சொல்றான் செல்ஃப் ஸ்டார்ட் போடுங்க, இல்லன்னா குடுத்துடுங்க நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கித் தரேன்னு. செல்ஃப் போட்டா ஒரிஜினல் போயிடுமேன்னு மனசு கேக்கல. அதோட 50 வருஷம் தாண்டிடுச்சே, ரொம்பப் பழைய வண்டிக்குத் தனியா குடுக்கற அந்த வின்டேஜ் நம்பர் வாங்கலாமான்னும் ஒரு யோசனை ஓடுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. சும்மா "வித்துடுங்க சார்"னு ஒத்தை வரியில போட்டுட்டுப் போகாம காரணத்தோட சொல்லுங்க.

கணக்கர்61
காரணத்தோடயே சொல்றேன் சார், வித்துடுங்க. நானும் உங்க செட்டுதான், ஒண்ணு ரெண்டு வயசு கூடவே இருக்கும். இந்த பழைய வண்டி பேச்சு எடுத்தாலே எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வந்துடுது, ஆனா அன்னைக்கு அனுபவிச்சதை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல. பஜாஜ் ஸ்கூட்டர் புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருந்த காலம் சார் அது, எழுபதுகள்ல பத்து வருஷம் வரைக்கும் கூட போச்சு, வெளிநாட்டுல இருந்து டாலர் அனுப்ப ஆள் இருந்தா மட்டும் சட்டுனு கிடைக்கும். பொண்ணு பொறந்தப்ப புக் பண்ணா கல்யாணத்துக்கு டெலிவரின்னு எங்க ஆபீஸ்ல கிண்டல் அடிப்பாங்க. நான் வெச்சிருந்த ஸ்கூட்டர், கம்பெனி பேரு வேணாம், மழை பேஞ்சா ஸ்டார்ட் ஆகாது, நடுரோட்டுல ஒரு பக்கமா சாய்ச்சுப் புடிச்சு நிமுத்தி, பிளக்கைக் கழட்டி வேட்டியில துடைச்சு, திரும்ப மாட்டி, அதுக்குள்ள ஆபீஸ்ல லேட் மார்க் விழுந்துடும். பெட்ரோல் பங்க்ல ஆயிலை தனியா அளந்து ஊத்தச் சொல்லி நிக்கணும். வீட்டுல டயனோரா டிவி, மொட்டை மாடில ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்ப கீழ இருந்து ஒருத்தன் "போச்சு, போச்சு, ஆங் வந்துச்சு"ன்னு கத்த... இதையெல்லாம் இப்ப ரசனைன்னு பேசிட்டிருக்கோம். அன்னைக்கு நமக்கு வேற வழி இல்ல, அவ்ளோதான். வண்டி நல்லா இருந்துச்சுன்னு நினைக்காதீங்க சார், உங்க முட்டி நல்லா இருந்துச்சு.

ஆர்எக்ஸ்வெறியன்
யோவ் கணக்கரே கல்நெஞ்சக்காரர்யா நீங்க 😂 85ல வந்து 96ல நின்னு போன யமஹா ஆர்எக்ஸ்100ஐ இன்னைக்கு லட்சத்துக்கு மேல குடுத்து வாங்க பசங்க அலையுறாங்களே, வேற வழி இல்லாமயா அலையுறாங்க? 98 சிசி, 11 குதிரை, வெயிட் நூறு கிலோ சுத்து. புதுப் புகை ரூல்படி வர்ற எந்த பிஎஸ்6 வண்டியாச்சும் அந்த சைஸ்ல அப்படி சீறுமா சொல்லுங்க பாப்போம். அண்ணே புல்லட்டை வித்துடாதீங்க. அவ்ளோதான் நம்ம ஓட்டு.

மின்வண்டித்தம்பி
சீறும் ப்ரோ, கூடவே புகையும் வரும். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் கீழ வர்றப்ப எக்ஸாஸ்ட் போர்ட்டும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் ஒரே நேரத்துல தொறந்திருக்கும், உள்ள வர்ற புது பெட்ரோல் கலவையில ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா போயிடும். நீங்க காசு குடுத்து வாங்கின பெட்ரோல் அப்படியே பின்னாடி வர்றவன் மூக்குக்குப் போகுது. அதனாலதான் எமிஷன் ரூல் இறுக இறுக அந்த இன்ஜினே காணாமப் போச்சு, யாரும் சதி பண்ணல.

புல்லட் அங்கிள், உங்களுது ஃபோர் ஸ்ட்ரோக், அதனால அந்தக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பிரேக்? முன்னாடி டிரம், பின்னாடி டிரம். 125 சிசிக்கு மேல இருக்கற வண்டிக்கு 2019 ஏப்ரல்ல இருந்து சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் கட்டாயம்னு எதுக்குக் கொண்டு வந்தாங்க? இன்னைக்கு திருச்சி பைபாஸ்ல முன்னாடி போற கார் டிஸ்க் பிரேக் போட்டு நின்ன இடத்துல நிக்கும், உங்க வண்டி நிக்காது. அறுபது வயசுல ரியாக்‌ஷன் டைமும் முன்ன மாதிரி இருக்காது, தப்பா நினைக்காதீங்க, எங்க அப்பாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். நைட்ல அந்த 6 வோல்ட் லைட்டு மெழுகுவத்தி ஏத்துன மாதிரிதான் எரியும். உங்க பையன் சொல்றது நியாயம்.

பாயிண்ட்கேப்
நான் மெக்கானிக். காஸ்ட் அயர்ன் மட்டும்தான் கையில தொடுவேன், புது இன்ஜின் வந்தா பக்கத்துக் கடைக்கு அனுப்பிடுவேன், அதுக்கு எங்கிட்ட கம்ப்யூட்டரும் இல்ல பொறுமையும் இல்ல. சார் முதல்ல ஒரு விஷயம், நீங்க எப்படி கிக் பண்றீங்க? முக்கால்வாசிப் பேரு வண்டி மேல உக்காந்துக்கிட்டு முட்டியில முழு பாரத்தையும் போட்டு ஒரே மிதி மிதிக்கறாங்க. புல்லட்டுக்கு பலம் வேணாம், முறை வேணும். சென்டர் ஸ்டாண்டு போட்டுக்கங்க. சாவியைப் போட்டுட்டு கிக்கரை மெதுவா அமுக்கிட்டே வந்தீங்கன்னா ஹெட்லைட் மேல இருக்கற ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுக்கு வந்து நிக்கும், பாயிண்ட் (ஸ்பார்க் வர வெக்கற சுவிட்சு) தொறந்துடுச்சுன்னு அர்த்தம், அங்க கால் இறுக்கமா நின்னுடும். இப்ப இடது கையில டீகம்ப்ரஷன் லிவரை (இன்ஜின் உள்ள இருக்கற அழுத்தத்தை வெளிய விடறது) புடிச்சுக்கிட்டு ஒரு விரக்கடை தாண்டி விடுங்க, லிவரை விட்ருங்க, கிக்கரை மேல வர விட்டு அப்புறம் ஒரே சீரா ஒரு மிதி. ஃபர்ஸ்ட் கிக்ல டப் டப்னு புடிச்சுக்கும். இந்த முறை தெரியாம மிதிக்கறவனுக்குத்தான் ரிவர்ஸ் அடிச்சு கெண்டைக்கால் வீங்கும்.

அப்படியும் புடிக்கலன்னா டைமிங் பாக்கணும், பாயிண்ட் பாக்கணும். வயசானதும் இன்னொரு கூத்து, பாயிண்ட் கேப் கண்ணுக்குத் தெரியாது. நானே இப்ப ரீடிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ஃபீலர் கேஜ் வெக்கறேன், முன்னாடி சிகரெட் அட்டையை சொருகி விரல்லயே பாத்துடுவேன். அதுக்கு பதிலா பாயிண்ட்டை எடுத்துட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுட்டா ஸ்பார்க் ஒரே மாதிரி வரும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, வேணுங்கறப்ப பழசைத் திருப்பி மாட்டிக்கலாம்.

செல்ஃப் ஸ்டார்ட்டு உங்க மாடலுக்கு நான் போட மாட்டேன். பிரைமரி கேஸ் மாத்தணும், பேட்டரி பெருசு வேணும், 6 வோல்ட்டா இருந்தா மொத்த வயரிங்கும் 12க்கு போகணும், கடைசில முன்னாடி டேங்க் பின்னாடி மட்கார்டு தவிர அப்பா வாங்கின வண்டின்னு சொல்ல எதுவும் மிஞ்சாது.

கணக்கர்61
பாயிண்ட்கேப் அண்ணே, ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு இவ்ளோ பெரிய பாரா எழுத வேண்டியிருக்கு பாருங்க, அதுவே என் பாயிண்ட்டு. என் மருமக பட்டனை அமுக்கிட்டு பேத்தியைக் கூட்டிட்டுப் போயி திரும்பி வந்துடுறா நீங்க முள்ளு நடுவுல நிக்குதான்னு குனிஞ்சு பாக்கறதுக்குள்ள. இன்னொண்ணு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா ஒரிஜினல், செல்ஃப் போட்டா ஒரிஜினல் இல்லைங்கறது என்ன கணக்கு? கோட்டை நீங்க எங்க வேணா போட்டுக்குவீங்களா?

பாயிண்ட்கேப்
திருப்பி மாட்டிக்க முடியறது ஒண்ணு, வெட்டி எடுக்கறது ஒண்ணு. கோடு அங்கதான் கணக்கரே.

டிவிஎஸ்50டீச்சர்
எல்லாரும் பேசுறதைப் படிச்சுட்டு இருந்தேன். ஆம்பளைங்க புல்லட்டைப் பத்தி பேசும்போது அதுக்குப் பின்னாடி ஒரு சைடா உக்காந்து வந்தவங்களைப் பத்தி ஒரு வரி வர்றதில்ல. புடவை முந்தானையைச் சுருட்டி மடியில வெச்சு, ஒரு கையில குழந்தை, ஒரு கையால சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நாங்க வந்த வரத்துக்கு இடுப்பு இன்னைக்கு கணக்கு கேக்குது. உங்களுக்கு முட்டி, எங்களுக்கு இடுப்பு.

ஆனா பழசு எல்லாமே கஷ்டம்னு கணக்கர் சார் சொல்றதையும் ஒத்துக்க மாட்டேன். ஓசூர்ல இருந்து 1980ல டிவிஎஸ் 50 வந்தப்ப ரெண்டு பேர் உக்கார்ற மொபெட் இந்தியாவுலயே அதுதான் முதல். எனக்கு வேலை கிடைச்ச ஸ்கூலுக்கு காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதை விட்டா அவரு வந்து கூட்டிட்டுப் போகணும். மொபெட் வாங்குனதும் அந்தக் காத்திருப்பு நின்னுச்சு. ஸ்டாண்டு போட்டு பெடலை மிதிச்சா ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் தீந்தா சைக்கிள் மாதிரி மிதிச்சுக்கிட்டே பங்க் வரைக்கும் போயிடலாம் (மேடு இல்லாம இருந்தா!). முன்னாடி கால் வெக்கற எடத்துல பரீட்சை பேப்பர் கட்டு, கேரியர்ல அரிசி மூட்டை. அந்த வண்டியை நான் நினைச்சுக்கறது வயசு போச்சேன்னு இல்ல, யாரையும் எதிர்பாக்காம மொத மொத நானா ஒரு எடத்துக்குப் போனது அதுலதான். அதனால சார், பையன் சொல்றான், டாக்டர் சொல்றாருன்னு கேக்காம இதுல நீங்க எங்க போறீங்கன்னு யோசிங்க. கடைத்தெருவுக்கா, இல்ல மாசம் ஒரு தரம் துடைச்சு வெச்சு அழகு பாக்கவா?

உறையூர்_புல்லட்
டீச்சர் நல்ல கேள்வி கேட்டீங்க. தினம் காலையில காந்தி மார்க்கெட், ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம், எப்பயாச்சும் முக்கொம்பு வரைக்கும். ஷோகேஸ் வண்டி இல்ல. அந்த 6 வோல்ட் விஷயம், தம்பி சொன்னது சரிதான், அதனால பொழுது சாஞ்சா வண்டியை எடுக்கறதில்ல.

மின்வண்டித்தம்பி
தினம் மார்க்கெட் போறீங்கன்னா வின்டேஜ் நம்பர் பக்கமே போகாதீங்க அங்கிள். 2021 ஜூலைல வந்த ரூல் அது. முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டின டூவீலர், காருக்கு குடுக்கறாங்க, நம்பர்ல ஸ்டேட் எழுத்துக்கு அப்புறம் விஏன்னு வரும், புதுசா ரிஜிஸ்டர் பண்ண 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனா அந்த நம்பர் வாங்கிட்டா சாதாரணமா ரோட்டுல ஓட்டக்கூடாது, வின்டேஜ் ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போக மட்டும்தான். தக்காளி வாங்கப் போனா செல்லாது. அதோட சேசிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாத்தம் இருக்கக்கூடாது, அதனால செல்ஃபும் வேணும் விஏவும் வேணும்னு ரெண்டையும் ஆசைப்பட முடியாது.

அது வேணாம்னா இப்ப இருக்கற மூணெழுத்துப் பழைய நம்பரோடயே ஆர்சியை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் ரினியூ பண்ணணும். 20 வருஷம் தாண்டின டூவீலருக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து அதுக்கு 2,000 ரூபா, பசுமை வரி தனி. டெல்லி மாதிரி 15 வருஷமானா பெட்ரோல் வண்டியை ஓட்டவே கூடாதுங்கற கதை இங்க இல்ல, அதுவரைக்கும் சந்தோஷப்பட்டுக்கங்க.

ஆர்எக்ஸ்வெறியன்
தம்பி எதிர்க்கட்சின்னு நினைச்சேன் ஆர்டிஓ ஆபீஸ் புரோக்கர் கணக்கா புட்டுப் புட்டு வெக்கிறானே 🙏

வடமராட்சியான்
நான் யாழ்ப்பாணப் பக்கம். இஞ்ச கதைக்கிற ஆக்கள் எல்லாரும் பழசு நல்லமோ கூடாதோ எண்டு அடிபடுறீங்கள், எங்களுக்கு அப்பிடித் தெரிவு செய்யிற நிலைமையே இருக்கேல்ல. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பெற்றோல் வராது, வந்தாலும் வாங்கக் கட்டாது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தப் பழைய எஞ்சின்களுக்குக் கொம்பிறசன் குறைவு, அதாலதான் அது தாங்கினது, இண்டைக்கு ஓடுற ஒரு காருக்கு அப்பிடி விட்டுப் பாருங்கோ என்ன நடக்குமெண்டு. பின்னால வெள்ளைப் புகை, ஊரெல்லாம் மணம். கறண்டும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்திச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்டனாங்கள், சுத்திற பெடியன் களைச்சா செய்தி அரைவாசியில நிண்டுடும்.

அந்தக் காலம் திரும்பி வரவேணும் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன், கணக்கர் ஐயா சொன்னது எனக்கு நல்லா விளங்குது. ஆனா ஒண்டு, அந்த வாகனங்களை ஒரு ஸ்பனரும் ஒரு ஸ்குறூட்றைவரும் வைச்சு வீட்டு முத்தத்தில கழட்டிப் பூட்டலாம், அதாலதான் நாங்கள் தப்பினது. புல்லட் அண்ணை, கைவசம் இருக்கிறதை விடாதேங்கோ.

கணக்கர்61
வடமராட்சி சார், நீங்க சொன்னதுக்கு நான் பதில் பேச முடியாது. அது வேற வாழ்க்கை.

ஆனா இங்க வந்து ஒண்ணு சொல்றேன். கழட்டிப் பூட்டலாம்னு எல்லாரும் பெருமையா சொல்றோம், யாரு கழட்டறது? பாயிண்ட்கேப் மாதிரி ஆளுங்க ஊருக்கு ஒருத்தரு இருந்தா பெருசு, அவரும் ரீடிங் கிளாஸ் போட்டுட்டாரு. பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் செஞ்சாங்க, நம்ம ஊரு காரு, என் மாமனார் உயிரையே வெச்சிருந்தாரு. கம்பெனி எண்பதுகள் கடைசில மூடுனதும் அவரு ஸ்பேர் பார்ட்ஸுக்கு புதுப்பேட்டையில அலைஞ்ச அலைச்சல் இருக்கே, கடைசில காரு செட்டுக்குள்ளயே மக்கிப் போச்சு, எலி குடும்பம் நடத்துச்சு. ஓடுற நிலையில இருக்கறப்பவே நல்ல ஆளு கையில குடுத்திருந்தா அது இன்னைக்கு எங்கயாச்சும் ராலியில போயிட்டிருக்கும். புல்லட் சாருக்கும் அதைத்தான் சொல்றேன், வண்டி மேல பாசம் இருந்தா ஓட்டத் தெம்பு இருக்கற ஒருத்தன்கிட்ட குடுங்க.

பாயிண்ட்கேப்
ஹெரால்டும் புல்லட்டும் ஒண்ணா கணக்கரே? ஹெரால்டு கம்பெனி போச்சு. புல்லட்டு இங்கிலாந்துல செத்து இங்க பொழைச்ச வண்டி. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சேந்து ஆரம்பிச்சது, அங்க கம்பெனி மூடின பிறகும் திருவொற்றியூர்ல ஓட்டிட்டே இருந்தாங்க, 77ல இங்க இருந்து அவங்க ஊருக்கே ஏத்துமதி பண்ணாங்க. காஸ்ட் அயர்ன் இன்ஜினை 2010 வாக்குல வரைக்கும் போட்டாங்க. அம்பது வருஷத்துல உள்ள பெருசா மாத்தாததால 74 வண்டிக்கு 94 வண்டி சாமான் பல இடத்துல ஒக்காந்துக்கும். பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் கிடைக்குது. ஒரிஜினல் கிடைக்காதது சில்லறை சாமான்தான்.

நான் பயப்படறது சாமானுக்கு இல்ல, பெட்ரோலுக்கு. இந்த இ20, அதான் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்ததுல இருந்து பழைய வண்டிங்க பெட்ரோல் டியூபு ஊறி உப்பிக்கிட்டு வருது, ரப்பர் வாஷர் கொழகொழன்னு ஆயிடுது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரொம்ப நாள் நிறுத்தி வெச்சா டேங்குக்கு அடியில தண்ணி சேந்து துரு புடிக்கும். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்கதான் அதுக்குத் தோதா பண்ணது. சார், டியூபை எத்தனால் தாங்கறதா மாத்திடுங்க, வண்டியை நிறுத்துனா பெட்ரோல் டேப்பை மூடிட்டு கார்புரேட்டர்ல இருக்கறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. பிளக் வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், கார்புரேட்டர்ல மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போடணும். தினம் மார்க்கெட் போறதுதான் உங்க வண்டிக்கு மருந்து. நின்னாத்தான் கெடும்.

மின்வண்டித்தம்பி
இந்த இ20 விஷயத்துல உங்க பக்கம்தான் அண்ணே நானும். ஆனா பிரேக் பத்தி கேட்டதுக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல கவனிச்சீங்களா, எல்லாரும் நைசா வேற பக்கம் போயிட்டீங்க 😄

டிவிஎஸ்50டீச்சர்
தம்பி கேக்கறது சரி. கூடவே இன்னொண்ணு, வீட்டுல வேற யாராச்சும் அந்த வண்டியை எடுப்பாங்களா சார்? இப்ப உள்ள புள்ளைங்களுக்கு வலது கால்னா பிரேக்குனு பழகிப் போச்சு. அவசரத்துக்கு வலது காலை அமுக்குனா இதுல கியர் விழும், வண்டி நிக்காது. என் அண்ணன் பையன் அப்படித்தான் சந்து முனையில இளநி வண்டி மேல போயி நின்னான், நல்லவேளை இளநி மட்டும்தான் உடைஞ்சுது.

உறையூர்_புல்லட்
எல்லாத்துக்கும் சேத்து பதில். செல்ஃப் ஸ்டார்ட் இல்ல, முடிவு. விஏ நம்பரும் வேணாம், மார்க்கெட் போக முடியாதுன்னா அந்த வண்டியை வெச்சு நான் என்ன பண்றது. ஆர்சி ரினியூ பண்ணிக்கறேன். எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடப் போறேன், பாயிண்ட் செட்டை எண்ணெய்த்துணி சுத்தி டப்பால வெச்சுக்குவேன். நேத்து பாயிண்ட்கேப் சொன்ன மாதிரி சென்டர் ஸ்டாண்டு போட்டு, முள்ளு பாத்து, லிவர் புடிச்சு மிதிச்சேன், ரெண்டாவது மிதியில புடிச்சுக்கிச்சு. முட்டி வலிச்சுது, பொய் சொல்லல, ஆனா முன்ன மாதிரி உயிர் போகல.

தம்பி, பிரேக் ஷூ ரெண்டு பக்கமும் புதுசா மாத்தி டிரம்மை கடைசல்ல குடுத்து சரி பண்றேன், பைபாஸ் பக்கம் போறதில்லன்னு வீட்டுல சத்தியம் பண்ணியாச்சு. அதுக்கு மேல அந்த வண்டியில ஒண்ணும் பண்ண முடியாது, அதை ஒத்துக்கறேன். பையன் வாங்கித் தரேன்னு சொன்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டரையும் வேணாம்னு சொல்லல, ராத்திரிக்கும் மழைக்கும் அது இருக்கட்டும். டீச்சர், பையனுக்கு இதுல ஏற ஆசையே இல்ல, மருமகதான் கேட்டுக்கிட்டே இருக்கா, ரயில்வே கிரவுண்டுல ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை கியர் பழகிட்டு அப்புறம் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

கணக்கர்61
அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த ரினியூவலுக்கு வருவீங்கல்ல, அப்ப முட்டி என்ன சொல்லுதுன்னு இங்கயே வந்து எழுதுங்க சார்.

உறையூர்_புல்லட்
எழுதறேன். அப்ப மிதிக்கறது மருமகளா இருக்கும்.